சீவல் இல்லாத துளை

காலை எட்டு மணிக்கு ஆற்றை அளக்க வேண்டும்.
அதுதான் என் வேலை.
துளைக்கருவி, கொக்கி வைத்த அளவுகோல்,
தெர்மாஸில் தேநீர், பென்சில்.
பேனா இங்கே உதவாது, மை கல்லாகிவிடும்.

சோகொல்லோ ஆறு அக்டோபரில் வாயை மூடினால்
மே மாதம்தான் திறக்கும்.
நடுவில் அது சாலை.
நிலக்கரி, மாவு மூட்டை,
ஒருமுறை பள்ளிக்கூடத்துக்கு ஒரு பியானோ,
எல்லாம் அதன் முதுகில்தான் போயின.
இத்தனை சென்டிமீட்டர் என்று நான் சொன்னால் பச்சைக் கொடி.
சொல்லாவிட்டால் சிவப்பு.

எனக்கு முன் அளந்தவர் ப்ரோகோப்பி நெவுஸ்த்ரோயெவ்.
எழுபத்தொன்பது, ஜனவரி இருபத்தொன்பது.
பாதி இறங்கிய துளையில்
கருவி நின்றபடி இருந்ததாம்.
காலடிகள் போனவை மட்டும்.
நோட்டில் தேதி இருந்தது,
எதிரே அளவுக்கான கட்டம் காலி.

முதல் கரண்டியை அடுப்பு நெருப்புக்கு ஊட்டிவிட்டு
லாரிக்காரர்கள் சொல்வார்கள்:
ஆற்றில் போனவர்கள் ஆற்றுக்குள்ளேயே குடியிருக்கிறார்கள்.
நமக்குத் தரை, அவர்களுக்குக் கூரை.
தாங்குமா என்ற கவலை
அவர்களுக்கும் இருக்காதா?
ராத்திரியில் தட்டிப் பார்ப்பார்களாம்.

தட்டலை நானும் கேட்டிருக்கிறேன்.
குளிரில் பனிக்கட்டி விரியும் ஓசை என்று
பயிற்சிப் பள்ளியில் எழுதிப் போட்டார்கள்.
விரியட்டும்.
மூன்று தட்டு, ஓர் இடைவெளி, மூன்று தட்டு என்றா
விரிய வேண்டும்?

அந்த வருடம் ஜனவரி பதினொன்று. மைனஸ் ஐம்பத்துமூன்று.
விட்ட மூச்சு உறைந்து
தானியம் சரிவதுபோல் காதோரம் உதிர்ந்தது.
என் துளைக்கு நாலடி தள்ளி
இன்னொரு துளை.
கறுப்பு நீர், அதன்மேல் ஏடுகூடப் படியவில்லை.
சுற்றிலும் சீவல் இல்லை.

மேலிருந்து துளைத்தால்
விளிம்பில் வெள்ளையாகச் சீவல் குவியும்.
குவியவில்லை என்றால்
எங்கே விழுந்தது?
அதற்கு மேல் யோசிக்காமல் தேநீர் குடித்தேன்.

பக்கத்தில், பனியில், விரலால்: 104.
என் துளையில் 103.
மறுநாள் அளந்தேன், 104.

பிறகு தினமும் அப்படித்தான்.
நாளைய கனத்தை இன்றே எழுதி வைத்தது யாரோ.
தலைமை அலுவலகப் படிவத்தில்
இதற்குக் கட்டம் இல்லை.
ஒப்புக்கொள்கிறேன், காய்ச்சலில் கிடந்த இரண்டு நாள்
எட்டிப் பார்த்து அந்த எண்ணையே அனுப்பினேன்.
யாரும் குறை சொல்லவில்லை.

இருபத்தெட்டாம் தேதி எழுதியிருந்தது: 31.

ஜனவரியில் ஆறு மெலியாது.
மறுநாள் உயிபான் வருகிறான்,
டீசல் ஏற்றிய யூரல் லாரி, இருபது டன்.
சிவப்புக் கொடியை ஏற்றினேன்.
இறங்கி வந்து கத்தினான், அளந்து காட்டு என்றான்.
அளந்தேன். 120.
கருவி பழுது என்றேன்.
கருவியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"தூயாரா, நகரத்துக்குப் போய் நாலு பேரோடு பேசு."
கணவாய் வழியாக, எண்பது கிலோமீட்டர் சுற்றிப் போனான்.
ஆறு பகல் முழுக்க, இரவு முழுக்க
அப்படியே கிடந்தது. ஒரு கீறல்கூட இல்லை.
எனக்கு ஒரு மாதச் சம்பளம் அபராதம்.

அலமாரியின் அடியிலிருந்து
பழைய நோட்டை எடுக்க ஒரு வாரம் பிடித்தது.
அந்தத் தேதி. அந்தக் காலிக் கட்டம்.
பென்சிலால் 31 என்று நிரப்பினேன்.
சரிதானா என்று சொல்ல ஆள் இல்லை.

அன்றிலிருந்து இரண்டாவது துளை இல்லை.

இப்போதெல்லாம் அளந்து முடித்ததும் குனிந்து
நீருக்குள் சத்தமாகச் சொல்கிறேன்:
கூரை நூற்றிருபத்தெட்டு, தூங்குங்கள்.
பதில் எதிர்பார்த்து அல்ல.
வேலை செய்பவர்களுக்குள் ஒரு மரியாதை.

நேற்று மட்டும்
அளவுகோலை மேலே இழுத்தபோது
அடியில் கொக்கியை யாரோ
ஒரு கணம் பிடித்து,
எண்ணைப் படித்துவிட்டு,
விட்டார்கள்.